பழகிய பிள்ளை மறுபடியும் ஜட்டியிலேயே போகிறாள், என்ன செய்வது?

கேள்வி: பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். மகளுக்கு இரண்டு வயது பத்து மாதம். இரண்டே கால் வயதிலேயே ஒன்றுக்கு, ரெண்டுக்கு எல்லாம் சொல்லிவிட்டுப் போவாள். இரண்டாவது பிரசவத்துக்காகத் திருவையாற்றில் அம்மா வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு, தம்பிப் பாப்பாவோடு ஐப்பசியில் திரும்பினோம். வந்ததிலிருந்து கழிவறை என்றாலே அழுகை. கதவுக்குப் பின்னால் போய், காலைப் பின்னிக்கொண்டு முகம் சிவக்க நிற்கிறாள். ஜட்டியில் நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கறை. ஒன்றுக்கும் பாதி நேரம் உடையிலேயே போய்விடுகிறாள். விளக்கெண்ணெய் கொடுத்தோம், வெற்றிலைக் காம்பும் வைத்துப் பார்த்தோம். "வேணும்னே பண்றா, சூடு காட்டினாத்தான் வழிக்கு வருவா" என்கிறார் மாமியார். நான் எங்கே தப்பு செய்தேன்?

பதில்: நீங்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. மூன்று மாதத்துக்குள் அவளுக்கு வீடு மாறி, கழிவறை மாறி, அம்மா மடியிலும் பங்கு கேட்க ஆள் வந்துவிட்டது. பழகிய பிள்ளைகள் இப்படிப் பின்வாங்குவது மிகவும் சகஜம். தம்பி தங்கை பிறந்தாலோ, காய்ச்சலில் படுத்து எழுந்தாலோ, அங்கன்வாடிக்குப் போக ஆரம்பித்தாலோ நடக்கும்.

ஆனால் என் கண்ணில் முதலில் பட்டது அந்தக் கதவுதான். காலைப் பின்னிக்கொண்டு முகம் சிவக்க நிற்பதைப் பார்த்தால் முக்குவது போல இருக்கும். பெரும்பாலும் அது முக்குவதல்ல, வருவதை அடக்குவது. எப்போதோ ஒருமுறை கெட்டியாகப் போய் வலித்திருக்கும். பிரசவ வீட்டு அலைச்சலில் சாப்பாடும் தண்ணீரும் முன்பின் ஆகியிருக்கும், அது யார் வீட்டிலும் நடப்பதுதான். வலித்ததைப் பிள்ளை மறக்காது. அடுத்த முறை வரும்போது இறுக்கிக்கொள்வாள். தங்கிய மலத்திலிருந்து பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருப்பதால் அது ஆட்டுப் புழுக்கை போலவோ, பெரிய கட்டியாகவோ இறுகும். பிறகு போகும்போது இன்னும் வலிக்கும், ஆசனவாயில் சிறு கீறலும் விழும். இப்படியே சில வாரம் போனால் மலக்குடல் விரிந்து, நிறைந்திருக்கிறது என்ற உணர்வே மழுங்கிப்போகும். அப்புறம் அந்தக் கட்டியைச் சுற்றி மேலிருந்து இளகிய மலம் கசிந்து வரும். நீங்கள் பார்க்கும் கறை அதுவாகத்தான் இருக்க வேண்டும். அது வருவதே அவளுக்குத் தெரியாது. பல வீடுகளில் இதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதற்கு மருந்து கொடுக்கிறார்கள், கட்டி இன்னும் இறுகிப்போகிறது. நிறைந்த மலக்குடல் மூத்திரப்பையையும் அழுத்தும். உடையிலேயே ஒன்றுக்குப் போவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

ஆகவே மாமியாரிடம் சொல்லுங்கள், வேண்டுமென்று செய்யவில்லை, அவளால் முடியவில்லை. சூடு வைப்பது மட்டுமல்ல, கரண்டியைக் காய்ச்சிக் காட்டுவதும் கூடாது. பயந்த பிள்ளை இன்னும் இறுக்கும். இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

வெற்றிலைக் காம்பையும் விட்டுவிடுங்கள். கும்பகோணம் பக்கம் வெற்றிலை இல்லாத வீடில்லை. பாட்டிமார்கள் அக்கறையோடு செய்து வந்த வைத்தியம்தான், அதை நான் மதிக்கிறேன். ஆனால் எந்த இடம் வலிக்கும் என்று பயந்து இறுக்குகிறாளோ, அதே இடத்தில் ஒன்றைச் செருகினால் பயம் இரட்டிப்பாகும், புண்ணும் ஆகலாம். சோப்புத் துண்டுக்கும் இதே பதில்தான். விளக்கெண்ணெய் வயிற்றைப் பிசைந்து ஒரு நாள் வெளியே தள்ளும், அவ்வளவுதான். அவளுக்குத் தேவை ஒரு நாள் பேதி அல்ல. பல வாரத்துக்குத் தினமும் வலிக்காமல் இளகிப் போக வேண்டும்.

குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். வயிற்றைத் தொட்டுப் பார்த்து உறுதி செய்துவிட்டு, லாக்டுலோஸ் சிரப்போ பாலிஎத்திலீன் கிளைகால் பொடியோ எடைக்கு ஏற்ற அளவில் எழுதித் தருவார். இவை மலத்தில் தண்ணீரைத் தக்கவைத்து இளக்குபவை. "பழக்கமாகிவிடும்" என்று பயந்து, நாலு நாள் நன்றாகப் போனதும் நிறுத்திவிடுகிறார்கள். நான் அதிகம் பார்க்கும் சறுக்கல் அதுதான். குறைந்தது 2 மாதம் தொடர்ந்து, பிறகு மருத்துவர் சொல்லும்போது சிறுகச் சிறுகக் குறைக்க வேண்டும். விரிந்த குடல் பழைய நிலைக்குச் சுருங்க அவ்வளவு காலம் வேண்டும்.

பால் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். பால் வயிறு நிறைந்தால் சோறும் காயும் இறங்காது. பூவன்பழம், கொய்யா, பப்பாளி, கீரை மசியல், பாசிப்பயறு என்று உங்கள் கொல்லையிலும் சந்தையிலும் இருப்பதே போதும்.

இனிப் பழக்குவதற்கு வருகிறேன். மலம் இளகும் வரை பழக்குவதை ஓரிரு வாரம் நிறுத்திவையுங்கள். டயப்பர் கேட்டால் தயங்காமல் போட்டுவிடுங்கள். டயப்பரிலாவது தினமும் போகட்டும், அடக்குவதைவிட அது எவ்வளவோ மேல். ஈரமாக்கினால் "நனைஞ்சுபோச்சா, சரி வா, மாத்திக்கலாம்" என்பதோடு நிறுத்துங்கள். "நீ பெரிய புள்ள" என்று மட்டும் சொல்லாதீர்கள். பெரிய பிள்ளை ஆனதால்தான் மடி போனது என்று அவள் கணக்குப் போட்டிருப்பாள். தம்பி தூங்கும்போது பத்து நிமிடம் அவளை மட்டும் மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சாப்பிட்டு ஒரு 20 நிமிடத்தில் குடல் தானாக அசையும். காலை, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். வந்தாலும் வராவிட்டாலும் அத்தோடு எழுப்பிவிடுங்கள். நம் ஊர்ப் பீங்கானில் கால் வைக்கும் இடம் பெரியவர்களுக்கானது. இந்தப் பிள்ளைக்கு அகலக் கால் வைத்தால் குழிக்குள் விழுந்துவிடுவோம் என்று தோன்றும். பிள்ளைகள் உட்கார்ந்து போவதற்கென்று விற்கும் சின்ன பிளாஸ்டிக் இருக்கை, பாட்டி சீட் (potty seat) ஒன்று வாங்குங்கள், பாதம் முழுக்கத் தரையில் பதியும் உயரத்தில். அது வரும்வரை, கைக்குழந்தையில் செய்தது போல உங்கள் காலிலேயே உட்கார வைக்கலாம். அம்மா கால் என்றால் பயம் இருக்காது.

இரவில் நனைப்பதை இதோடு சேர்க்காதீர்கள். 5 வயது வரை அது இயல்பு.

ஒன்றுக்குப் போகும்போது வலித்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, எடை குறைந்து தாகம் கூடினாலோ, நடை மாறினாலோ, அன்றே காட்டுங்கள். வயிறு உப்பி வாந்தி எடுத்தாலும் அப்படித்தான். தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவு இருக்கிறது.

உங்கள் கழிவறை கொல்லையில் இருக்கிறது என்றால், இந்த அடைமழையில் இருட்டு, வழுக்கல், தவளை எல்லாமே அவளுக்குப் பயம்தான். பாட்டி சீட் கூடத்து ஓரத்திலேயே இருக்கட்டும். கொல்லைக்குத் தை பிறந்து, தரை காய்ந்ததும் பழக்கிக்கொள்ளலாம்.