அரத்தை எடுக்கும் முன்: நைட்ரோ கார் கேள்வி பதில்

கேள்வி: என்னுடையது 3.5 சிசி நைட்ரோ கார் (நைட்ரோமீத்தேன் கலந்த எரிபொருளில் ஓடும் ரிமோட் மாடல் கார்). அதே இன்ஜின் போட்ட நண்பனின் கார் நேர்ப்பாதையில் என்னை விட்டு ஓடிவிடுகிறது. பிஸ்டன் ஓடும் குழாயான ஸ்லீவைக் கழற்றி, புகை வெளியேறும் துளையான எக்ஸாஸ்ட் போர்ட்டை மேல்பக்கமாக ஒரு மில்லிமீட்டர் அராவினால் பவர் கூடும் என்கிறார்கள். செய்யட்டுமா அண்ணாச்சி?
– கல்லூரி மாணவர், தக்கலை

பதில்: வேண்டாம் தம்பி. பவர் வராது என்று சொல்ல வரவில்லை. போர்ட்டின் மேல்விளிம்பு உயர்ந்தால் அது சீக்கிரம் திறக்கும், உச்ச சுற்றில் பவர் கூடும். ஆனால் எரிந்த வாயு பிஸ்டனைத் தள்ளும் தூரமும் அதே அளவு குறையும், கீழ்ச்சுற்றில் இழுவை போய்விடும். உங்கள் இன்ஜினில் பிஸ்டன் ஓடுகிற தூரமே சுமார் 16 மில்லிமீட்டர்தான். அதில் ஒரு மில்லிமீட்டர் என்பது சின்ன விஷயமில்லை. அடுத்தடுத்து வளைவு வருகிற மைதானத்தில் உங்கள் கார் இப்போதையதை விட மெதுவாகத்தான் ஓடும்.

இன்னொன்று. ஸ்லீவ் பித்தளை, உள்ளே குரோம் பூச்சு. என் பட்டறைக்கு ஒரு தம்பி கொண்டுவந்த ஸ்லீவில், கிரைண்டர் பட்ட விளிம்பில் குரோம் நகக்கண் அளவுக்குப் பெயர்ந்திருந்தது. அந்தச் செதில் உள்ளே போய் பிஸ்டனை மேலிருந்து அடிவரை கீறிவிட்டது. ஸ்லீவ், பிஸ்டன் இரண்டும் போச்சு.

முதலில் இதைப் பாருங்கள். இன்ஜின் ஆறியிருக்கும்போது எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக்கைக் கழற்றிவிட்டு ஃபிளைவீலைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தில் இறுகிப் பிடிக்க வேண்டும். ஸ்லீவின் மேல்பகுதி கொஞ்சம் குறுகலாகத்தான் கடைந்திருப்பார்கள். சூட்டில் மேல்பக்கம் அதிகம் விரிந்து சரியான அளவுக்கு வரும். அந்தப் பிடி இல்லாமல் வழுவழுவென்று சுற்றினால் கம்ப்ரஷன் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் போர்ட் வேலை மருந்தல்ல, புது பிஸ்டன்-ஸ்லீவ் ஜோடிதான் மருந்து.

பிடி நன்றாக இருந்தால் டியூன்டு பைப்புக்கு, அதாவது புகைக்குழாய்க்கு வாருங்கள். வெளியேறும் புகையின் அழுத்த அலை பைப்பின் பின்கூம்பில் மோதித் திரும்பி, போர்ட் வழியே நழுவப் பார்க்கும் புதுக் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. இன்ஜினிலிருந்து வரும் மேனிஃபோல்டு குழாயும் பைப்பும் சேரும் சிலிக்கான் குழாயில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் உள்ளே தள்ளினால் உச்ச சுற்றில் பவர், வெளியே இழுத்தால் நடுச்சுற்றில் இழுவை. பிடிக்கவில்லையா, பழைய இடத்துக்கே கொண்டுவந்துவிடலாம். அராவியதை ஒட்ட முடியுமா?

அதற்குப் பிறகும் கை அரித்தால், கிராங்க் கேஸின் உட்பக்கம் வார்ப்பில் நிற்கும் பிசிறுகளை மட்டும் நயமான எமரித் தாளால் எடுங்கள். அது அலுமினியம், பயமில்லை. பேரிங்குகளைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள், முடிந்ததும் தூள் ஒன்றுகூட நிற்காமல் கழுவுங்கள்.

கேள்வி: எரிபொருளில் 20 சதவீத நைட்ரோவிலிருந்து 30-க்கு மாறினேன். வேகம் வந்தது, ஆனால் பிளக் அடிக்கடி போகிறது.
– மார்த்தாண்டம் வாசகர்

பதில்: நைட்ரோமீத்தேன் தனக்குள்ளேயே ஆக்சிஜனை வைத்திருக்கிறது. அதனால்தான் அதே காற்றில் கூடுதல் எரிபொருளை எரிக்க முடிகிறது, பவரும் அங்கிருந்துதான். இன்ஜின் கேட்கும் அந்தக் கூடுதலைக் கொடுக்காவிட்டால் கலவை மெலிந்து சூடேறும். உச்ச வேகத்தில் எரிபொருள் அளவைக் கட்டுப்படுத்தும் ஹை-ஸ்பீடு நீடிலைக் கொஞ்சம் திறந்து விடுங்கள். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டுக்குக் கீழே 0.1 மில்லிமீட்டர் ஷிம் (மெல்லிய வளையத் தகடு) ஒன்று கூடுதலாகப் போடுங்கள், கம்ப்ரஷன் சற்று இறங்கும். பிளக்கும் ஒரு படி 'கோல்டு' (சூடு குறைவாகத் தாங்கி நிற்கும்) வகையாக இருக்கட்டும். முழு வேகத்தில் போகும்போது பைப்பிலிருந்து நீலப்புகைக் கோடு தெரிய வேண்டும். ஹெட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள்: பட்டதுமே தெறித்து மறைந்தால் அதிகச் சூடு, சில விநாடி கொதித்து வற்றினால் சரி. தெர்மாமீட்டர் இருந்தால் 100 முதல் 120 டிகிரி செல்சியஸுக்குள் நிறுத்துங்கள்.

எரிபொருள் டின்னையும் பாருங்கள். அதிலுள்ள மெத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். நம் கடலோரக் காற்றில் மூடி சரியாக இறுகாத டின்னை வைத்துக்கொண்டு நீடிலைத் திருகிக்கொண்டே இருந்தால் டியூனிங் நிற்கவே நிற்காது.

கேள்வி: மணவாளக்குறிச்சி கடற்கரையில் ஓட்டுகிறோம். ஏர் ஃபில்டரைக் கழற்றினால் சுற்று கூடுகிறது. கழற்றியே ஓட்டலாமா?
– குளச்சல் வாசகர்

பதில்: கூடவே கூடாது. அந்தக் கருமணலில் இல்மனைட்டோடு சிர்கானும் கார்னெட்டும் இருக்கின்றன. கார்னெட் உப்புத்தாள் செய்யப் பயன்படுகிற பொருள். அதை பிஸ்டனுக்கும் ஸ்லீவுக்கும் நடுவே நீங்களே ஊட்டுகிறீர்கள். ஃபோம் ஃபில்டரில் அதற்குரிய எண்ணெயைப் பிசைந்து போடுங்கள், ஓட்டி முடித்த அன்றே கழுவுங்கள். டேங்கைக் காலி செய்து, மிச்ச எரிபொருள் எரிந்து இன்ஜின் தானாக நின்றதும் பிளக் துளை வழியாகவும் கார்புரேட்டர் வழியாகவும் ஆஃப்டர்-ரன் எண்ணெய் (ஓட்டி முடித்த பின் விடும் பாதுகாப்பு எண்ணெய்) சில சொட்டு விட்டுச் சுற்றுங்கள். பிஸ்டனைக் கீழே நிறுத்தி வையுங்கள். உச்சியில் நின்றபடி ஆறினால் ஸ்லீவ் அதைக் கவ்விக்கொள்ளும்.

கேள்வி: செலவைக் குறைக்க எரிபொருளை வீட்டிலேயே கலக்கலாமா?
– நாகர்கோவில் வாசகர்

பதில்: கலக்காதீர்கள். மெத்தனால் விஷம், கொஞ்சம் உள்ளே போனாலே கண் பார்வை போகும். தமிழ்நாட்டில் அதை வாங்கி வைத்திருக்க உரிமம் வேண்டும். தீப்பிடித்தால் பகல் வெளிச்சத்தில் சுவாலை கண்ணுக்கே தெரியாது. கலந்து விற்கும் டின்னையே வாங்குங்கள், பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள், தண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள்.