பாடம் நன்றாகத் தெரிந்தவருக்கு ஆசிரியர் சான்றிதழ் எதற்கு?

சட்டம் என்ன சொல்கிறது என்றால், அரசுப் பள்ளிகளுக்குப் பெரும்பாலான நாடுகளில் வேண்டும் என்றுதான் சொல்கிறது. இந்தியாவில் 2009 கல்வி உரிமைச் சட்டத்தைத் தொடர்ந்து 2010-ல் டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வு கட்டாயமானது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் தனி உரிமம். பின்லாந்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கே முதுகலைப் பட்டம் வேண்டும். ஆனால் நீங்கள் கேட்பது, "பாடம் தெரிந்தால் போதாதா?" என்று. போதாது என்பது என் கட்சி.

நானும் ஆசிரியர்தான். பயிற்சிக்கு வருகிறவர்கள் பாடம் எடுக்கும்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பதும் என் வேலை. அடிக்கடி பார்ப்பது இது: 42-ல் 17 போனால் 35 என்று ஒரு குழந்தை எழுதியிருக்கும். பாடம் மட்டும் தெரிந்தவர் அதைச் சுழித்துவிட்டு, சரியான முறையைப் போர்டில் இன்னொரு தடவை போட்டுக் காட்டுவார். மறுநாளும் 35 தான் வரும். பயிற்சி உள்ளவர், "எப்படிப் போட்டே, சொல்லு பார்ப்போம்" என்று கேட்பார். "2-ல 7 போகாது டீச்சர், அதான் 7-ல 2 போக 5" என்று பதில் வரும். அந்தக் குழந்தை கவனக்குறைவாக இல்லை; தனக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறது. பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளில் ஒரு கட்டை அவிழ்த்து, கையில் கொடுத்து எண்ண வைத்தால்தான் அந்த விதி உடையும். உயர்கணிதம் படித்தவருக்கு இது தானாகத் தோன்றாது. கழித்தல் தனக்கு எப்போது கஷ்டமாக இருந்தது என்பதே அவருக்கு மறந்து போயிருக்கும்.

எதிர்த்தரப்பிலும் வலுவான சான்று உண்டு. நியூயார்க் நகரப் பள்ளிகளை வைத்துத் பொருளாதார ஆய்வாளர் தாமஸ் கேனும் இன்னும் இருவரும் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், சான்றிதழ் உள்ளவர், இல்லாதவர் என்ற வித்தியாசம் மாணவர் மதிப்பெண்ணில் சராசரியாக மிகக் குறைவு என்று தெரிந்தது. ஒரே வகைச் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்குள்ளேயே வித்தியாசம் மிகப் பெரிது. இதை நான் ஏற்கிறேன். வெறும் தாள்களை எழுதி வாங்கும் சான்றிதழ் எதையும் உறுதி செய்யாது. டெட் தேர்வில் 150 கேள்விக்குச் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கிறவர் அந்தக் குழந்தையிடம் என்ன கேட்பார் என்பதை அந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அதற்கு மருந்து சான்றிதழுக்குள் வகுப்பறையைக் கொண்டுவருவது; நிபந்தனையையே எடுத்துவிடுவது அல்ல.

எடுத்தால் யார் தலையில் விழும் என்று கலிஃபோர்னியாவில் பார்த்தாகிவிட்டது. 1996-ல் அங்கே சின்ன வகுப்புகளில் 20 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று திட்டம் கொண்டுவந்தார்கள். நல்ல நோக்கம். திடீரென்று ஆயிரக்கணக்கில் ஆள் தேவைப்பட்டதால் உரிமம் இல்லாதவர்களையும் எடுத்தார்கள். வசதியான பகுதிகளில் காலியிடம் உருவானதும் அனுபவசாலிகள் பலர் அங்கே போய்விட்டார்கள். உரிமம் இல்லாதவர்கள் பெரும்பாலும் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில்தான் சேர்ந்தார்கள். எனக்கு ஆறாத விஷயம் இதுதான்.

ஆள் கிடைக்காத பாடங்களுக்கு முதலில் வேலை கொடுத்து, அனுபவமுள்ள ஒருவரைத் துணைக்கு வைத்து, கெடு விதித்துப் பயிற்சியை முடிக்கச் சொல்லலாம். கெடு மட்டும் நீண்டுகொண்டே போகக் கூடாது.

நீங்களே இந்த வேலைக்கு வர நினைத்துக் கேட்டிருந்தால், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேருமுன் ஒன்றை விசாரியுங்கள்: எத்தனை வாரம் நிஜ வகுப்பில் நிற்க வைப்பார்கள், பின்னால் உட்கார்ந்து பார்த்துத் திருத்தப் போவது யார்?