கென்யா பயணம்: மஞ்சள் காய்ச்சல் ஊசியும் 6 நாள் தனிமையும்

கேள்வி: நைரோபியில் வேலை பார்க்கும் மகனைப் பார்க்க, இன்னும் இரண்டு மாதத்தில் நானும் என் கணவரும் செல்லவிருக்கிறோம். எனக்கு வயது 64. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுக்கிறேன். கணவருக்கு வயது 68. முடக்குவாதத்துக்காக மெத்தோட்ரெக்சேட்டும் தினமும் ஸ்டீராய்டும் சாப்பிடுகிறார். மஞ்சள் காய்ச்சல் ஊசி போடாவிட்டால் ஊர் திரும்பும்போது விமான நிலையத்திலிருந்தே அழைத்துப்போய் 6 நாள் தனியே வைத்துவிடுவார்கள் என்கிறார்களே, உண்மையா? அங்கே காய்ச்சல் வந்தால் என்ன செய்வது? (வாசகி, மதுரை)

பதில்: உண்மைதான். கென்யா, மஞ்சள் காய்ச்சல் பரவும் நாடுகளின் பட்டியலில் இருப்பதால், அங்கிருந்து புறப்பட்டு 6 நாட்களுக்குள் இந்தியாவுக்கு வருபவரிடம் செல்லுபடியாகும் தடுப்பூசிச் சான்று இல்லையென்றால், அந்த 6 நாட்கள் முடியும்வரை அவரைக் கொசு புகாத அறையில் தனிமைப்படுத்த விமான நிலையச் சுகாதார அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. இது அலைக்கழிப்பு அல்ல. இந்த நோய் தொட்டாலோ இருமினாலோ பரவுவதில்லை. டெங்குவைப் பரப்பும் அதே ஏடிஸ் கொசுதான் இதையும் பரப்புகிறது. அந்தக் கொசு நம் ஊரில் தெருவுக்குத் தெரு இருக்கிறது, வைரஸ் மட்டும் இன்றுவரை இங்கே காலூன்றவில்லை. கிருமி உடலில் நுழைந்து 3 முதல் 6 நாட்களுக்குள் காய்ச்சல் தெரிந்துவிடும் என்பதால்தான் 6 நாள் கணக்கு.

உங்களைப் பொறுத்தவரை, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இந்த ஊசிக்குத் தடையல்ல. ஆனால் இது உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து தயாரிக்கும் ஊசி. 60 வயதுக்கு மேல் முதன்முறையாகப் போடுவோருக்குக் கடுமையான பக்கவிளைவுகள் அரிதாக, எனினும் இளையவர்களைவிடச் சற்றுக் கூடுதலாக ஏற்படுகின்றன. ஆகவே வயதையும், முட்டை ஒவ்வாமை இருந்தால் அதையும், ஊசி போடும் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் போட்டால்தான் சான்று செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். ஊசி போட்ட 10 நாட்களுக்குப் பிறகே சான்று செல்லுபடியாகும். அதன்பின் ஆயுள் முழுவதும் செல்லும். சான்றாகத் தரும் மஞ்சள் அட்டையில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா, பாஸ்போர்ட் எண், ஊசியின் தொகுதி எண், கையெழுத்து, முத்திரை எல்லாம் உள்ளனவா என்று அங்கேயே நின்று சரிபாருங்கள். திரும்பும் வழியில் விமான நிலையத்தில் நின்று இவற்றைத் திருத்த முடியாது.

உங்கள் கணவரின் நிலை வேறு. மெத்தோட்ரெக்சேட்டும் ஸ்டீராய்டும் சேர்ந்து நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைத்திருக்கும்போது, உயிருள்ள வைரஸ் ஊசியே அவருக்கு ஆபத்தாகலாம். நான் அவருக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஊசிக்காகத் தாமாக மாத்திரைகளை நிறுத்துவது அதைவிடப் பெரிய தவறு. குறிப்பாக, நெடுநாள் எடுத்த ஸ்டீராய்டைச் சட்டென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து நேரலாம். அவருடைய முடக்குவாத மருத்துவரின் கடிதத்துடன் ஊசி மையத்தில் விலக்குச் சான்று கேளுங்கள். ஆனாலும் தனிமைப்படுத்துவதா என்பதை விமான நிலையச் சுகாதார அதிகாரியே முடிவுசெய்வார். எனவே 6 நாளுக்கும் மேலாகவே மாத்திரைகளைக் கைப்பையில் வைத்திருங்கள். ஊசி இல்லாமல் அந்நாட்டின் காட்டுச் சுற்றுலாவுக்கு அவரை அழைத்துப் போவதை நான் விரும்பவில்லை. நைரோபி நகரில் மஞ்சள் காய்ச்சல் அபாயம் குறைவு.

சான்றைவிட எனக்குக் கவலை தருவது மலேரியாதான். நைரோபி உயரமான இடத்தில் இருப்பதால் அங்கே மலேரியா குறைவு. மொம்பாசா கடற்கரைக்கோ விக்டோரியா ஏரிப் பக்கமோ போனால் நிலைமை மாறும். அப்படிப் போவதானால் தடுப்பு மாத்திரை வேண்டும், ஆனால் கணவரின் மருந்துச் சீட்டைக் காட்டாமல் எதையும் வாங்காதீர்கள். கோட்ரைமாக்சசோல் போன்ற சாதாரண ஆன்டிபயாடிக்கூட மெத்தோட்ரெக்சேட்டுடன் சேர்ந்தால் ரத்த அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும்.

அங்கே காய்ச்சல் வந்தால் அன்றே மலேரியா பரிசோதனை செய்யுங்கள். முதல் முடிவு இல்லை என்று வந்தாலும், காய்ச்சல் நீடித்தால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும். பாரசிட்டமால் போதும், டெங்குவாக இருந்தால் புரூஃபன், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் ரத்தக்கசிவைக் கூட்டும். நீங்கள் சர்க்கரைக்கு எடுப்பது மெட்ஃபார்மின் மாத்திரை என்றால், வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும்போது அதை நிறுத்துவதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சர்க்கரையை அடிக்கடி பாருங்கள். பயணத் தேதி வந்துவிட்டதே என்று பாரசிட்டமாலைப் போட்டு வெப்பத்தை மறைத்துக்கொண்டு விமானம் ஏற வேண்டாம். டிக்கெட்டைத் தள்ளிப்போடலாம், ஆனால் நடுவானில் மலேரியா முற்றினால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஊர் திரும்பிய பிறகும் 3 மாதங்களுக்கு, உங்கள் இருவரில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும், மருத்துவர் கேட்கும் முன்பே "கென்யா போய் வந்தோம்" என்று சொல்லிவிடுங்கள். சாதாரணக் காய்ச்சல் என்று இரண்டு நாள் மாத்திரை எழுதிக்கொடுத்தால், ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கேளுங்கள்.