பழைய சிவிடி கார் வாங்கும் முன் கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது: ஒன்பது வருஷப் பழைய பெட்ரோல் செடான், சிவிடி ஆட்டோமேட்டிக் (படிப்படியான கியர்களுக்குப் பதில் பெல்ட்டும் புல்லியும் வைத்த கியர்பாக்ஸ்), எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியது. மதுரை ரிங் ரோட்டில் ஒரு யார்டில் நிற்கிறது. ஓட்டிப் பார்க்கப் பத்து நிமிஷம் தருவதாகச் சொல்கிறார்கள். அந்தப் பத்து நிமிஷத்தில் எதைப் பார்ப்பது?

பத்து நிமிஷத்தில் ஏசி குளிர்கிறதா என்று பார்க்கலாம். சிவிடியைப் பார்க்க முடியாது. அந்த கியர் பெட்டியின் கோளாறுகள் இரண்டு ரகம். ஒன்று, ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த வண்டியில்தான் தெரியும். மற்றது, முக்கால் மணி நேரமாவது ஓடி நன்றாகச் சூடேறிய பிறகுதான் தலைகாட்டும். யார்டில் கிடைக்கும் பத்து நிமிஷம் இரண்டிலும் சேராமல் நடுவில் விழுகிறது. வண்டியை நமக்கு முன்னாலேயே ஸ்டார்ட் செய்து வைத்திருப்பார்கள், ஆனால் கொதிக்கும் அளவுக்கு ஓட விடமாட்டார்கள். ஆகவே முதலில் பேரம் பேச வேண்டியது விலையை அல்ல, நேரத்தை. காலையில் குளிர்ந்த வண்டி வேண்டும், அதே வண்டி மத்தியான வெயிலிலும் வேண்டும் என்று கேளுங்கள். முடியாது என்றால் விட்டுவிடுங்கள். மதுரையில் வண்டிக்கா பஞ்சம்?

ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், உள்ளே நடப்பது அப்படி. நம் வீட்டு ஸ்கூட்டரில் இருப்பதும் சிவிடிதான். அதில் ரப்பர் பெல்ட், தேய்ந்தால் கழற்றி மாற்றிவிட்டுப் போகலாம். காரில் இரண்டு புல்லிகளுக்கு நடுவே எஃகு பெல்ட் ஓடுகிறது: நூற்றுக்கணக்கான மெல்லிய எஃகுத் துண்டுகளை எஃகு வளையங்களில் கோத்தது. சில கம்பெனிகள், உதாரணத்துக்கு ஹூண்டாயின் ஐவிடி, பெல்ட்டுக்குப் பதில் செயின் போடுகின்றன. ஒவ்வொரு புல்லியின் இரு பாதிகளும் அகன்றும் நெருங்கியும் பெல்ட் ஏறி இறங்குவதால் கியர் விகிதம் படியே இல்லாமல் மாறிக்கொண்டிருக்கும். பெல்ட் வழுக்காமல் பிடித்து வைப்பது ஆயில் பிரஷர். எஃகும் எஃகும் அழுந்தும் இடத்தில் தேவையான பிடிப்பைத் தருவதும் அந்த ஆயில்தான். ஆயில் வெந்துபோனாலோ, பிரஷர் இறங்கினாலோ, யாராவது சாதாரண ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலை ஊற்றிவிட்டாலோ பெல்ட் ஒரு கணம் வழுக்கும். அந்த ஒரு கணத்தில் புல்லியின் முகத்தில் கீறல் விழும். கீறிய புல்லி பெல்ட்டைத் தின்னும், அந்தத் தூள் ஆயிலில் கலந்து வால்வுகளுக்குள் போகும். அதன்பிறகு எத்தனை தடவை புது ஆயில் ஊற்றினாலும் கீறல் ஆறாது. பெட்டியையே மாற்ற வேண்டி வந்தால் செலவு லட்சத்தைத் தாண்டிவிடும்.

பார்க்கப் போவதற்கு முன், அது உண்மையிலேயே சிவிடிதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். யார்டில் எல்லாவற்றுக்கும் ‘ஆட்டோமேட்டிக்’ என்ற ஒரே பெயர்தான். ஹோண்டா சிட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள்: 2008க்கு முந்தைய ஆட்டோமேட்டிக் சிவிடி, அதற்கடுத்த தலைமுறை ஐந்து கியர் டார்க் கன்வர்ட்டர் (எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கடத்தும், படிப்படியாகக் கியர் மாறும் பழைய பாணி ஆட்டோமேட்டிக்), 2014இலிருந்து மறுபடி சிவிடி. ஹைபிரிட் சிட்டியில் ‘இ-சிவிடி’ என்று எழுதியிருந்தாலும் அதில் பெல்ட்டே கிடையாது. பலேனோ 2022க்கு முன் சிவிடி, பின் ஏஎம்டி (மேனுவல் கியர்பாக்ஸையே தானாக மாற்றும் ரகம்). பழைய சிட்டி சிவிடியைப் பார்ப்பவர்கள் ஒன்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். அதில் கிளம்புவதற்கென்று தனியாக ஒரு ஸ்டார்ட் கிளட்ச் உண்டு, நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது அது உதறுவது பேர் போன விஷயம். உங்கள் வண்டி ஒன்பது வயது என்பதால் இது உங்களுக்கு வராது.

இனி காலை நேரம். போன வருஷம் மச்சானுக்கு வண்டி பார்க்க அவனோடு நானும் போயிருந்தேன். ஏழு மணிக்கு வருகிறோம், வண்டியைத் தொடாதீர்கள் என்று முந்தின நாளே சொல்லியிருந்தோம். போனவுடன் மச்சான் கண்ணாடி, டயர் என்று சுற்ற ஆரம்பித்தான். நான் பானட்டின் மேல் கை வைத்துப் பார்த்தேன், வெதுவெதுப்பாக இருந்தது. “என்னண்ணே, ஸ்டார்ட் பண்ணிட்டீங்களா?” என்று கேட்டால், “பேட்டரி இறங்கிடக் கூடாதுல்ல சார், டாக்டர் வண்டி, சிங்கிள் ஓனர், கல்லு மாதிரி இருக்கு” என்றார். மதுரையில் விற்பனைக்கு வரும் பாதி வண்டி டாக்டர் வண்டிதான். இத்தனை டாக்டர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. மறுநாள் சொல்லாமல் ஆறரைக்கே போய் நின்றோம். குளிர்ந்த எஞ்சினை எடுத்து, பிரேக்கை மிதித்தபடி லீவரை டி-க்கு (முன்னால் போக) தள்ளினால் ஒன்றும் நடக்கவில்லை. மூன்று எண்ணிய பிறகுதான் ‘டக்’ என்று ஒரு தள்ளு. ஆர்-க்கும் (ரிவர்ஸ்) அதே கதை. ராத்திரி நின்றதில் ஆயில் கீழே இறங்கி, பிரஷர் ஏற நேரமாகிறது என்று அர்த்தம். சூடான பிறகு அதே வண்டி ஒழுங்காகக் கியர் விழுந்தது. முந்தின நாள் பார்த்ததை வைத்து முடிவெடுத்திருந்தால் அட்வான்ஸ் கொடுத்திருப்போம்.

நல்ல பெட்டியில் லீவரைத் தள்ளியதும் ஒரு நொடி, மிஞ்சினால் ஒன்றரை நொடியில் மெல்லிய ஒரு அசைவோடு கியர் பிடிக்கும். பி, ஆர், என், டி என்று பிரேக்கை விடாமல் இரண்டு தடவை மெதுவாக மாற்றிப் பாருங்கள். பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் சேர்த்து அழுத்திச் சோதிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நல்ல பெட்டியையும் அது சூடாக்கிக் கெடுக்கும்.

ஓட்டும்போது மேனுவலிலிருந்து வருபவர்களுக்கு ஒரு குழப்பம் வரும். அழுத்தினால் ஆர்பிஎம் முதலில் எகிறும், வேகம் பின்னால் வந்து சேரும், எஞ்சின் ஒரே ஸ்தாயியில் கத்தும். அது சிவிடியின் குணம், குறை அல்ல. குறை எது என்றால், கால் அசையாமல் இருக்கும்போது ஆர்பிஎம் முள் தானாக ஐந்நூறு அறுநூறு ஏறி இறங்குவது, அந்த நேரத்தில் வண்டிக்கு இழுவை இல்லாமல் போவது. அதுதான் வழுக்கல். இதைப் பார்க்க நத்தம் சாலைப் பறக்கும் பாலம் தோதான இடம். ஏழு கிலோமீட்டருக்கு மேல் சிக்னல் இல்லாமல் ஒரே வேகத்தில் போகலாம். அறுபதில் ஓட்டுபவர் ஆக்ஸிலேட்டரை ஒரே நிலையில் வைத்திருக்க, நீங்கள் முள்ளை மட்டும் பாருங்கள். சாலையைப் பார்த்து வேறொருவர் ஓட்டட்டும், நீங்கள் பயணி சீட்டில் இருந்தே பார்க்கலாம். முள் நடுங்கக் கூடாது. பிறகு நாற்பதுக்கு இறங்கி, காலியான இடமாகப் பார்த்து ஒரு நல்ல அழுத்து. தயங்காமல், உதறாமல் ஏற வேண்டும்.

அடுத்து நெரிசல். கோரிப்பாளையம் பக்கம் மாலை ஆறு மணிக்கு நகர்ந்து நகர்ந்து போனால் போதும், வேறு சோதனைக்கூடம் வேண்டாம். இருபதுக்குக் கீழே ஊர்ந்து போகையில், பிரேக்கை விட்டு எடுக்கும் அந்த முதல் இரண்டு மீட்டரில், வண்டி தடதடவென்று உதறுகிறதா என்று பாருங்கள். பாலத்தின் ஏற்றத்தில் நிறுத்தி எடுத்தால் இன்னும் நன்றாகத் தெரியும். சத்தத்தையும் கவனியுங்கள். வேகத்தோடு சேர்ந்து ஏறும் ‘ங்ங்ங்’ என்ற ஊளை, காலை எடுத்தால் குறைந்து அழுத்தினால் கூடினால், சந்தேகம் பெட்டியின் மேல். ஆனால் எல்லா உதறலும் சிவிடி அல்ல. ஒரு ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ தகராறு செய்தாலும் கிட்டத்தட்ட அதே போலத்தான் உதறும். எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் போனால் டி-யில் நிற்கும்போது ஸ்டீயரிங் ஆடும். ஊளைச் சத்தம், லேசாக இடமும் வலமும் ஒடிக்கும்போது கூடிக் குறைந்தால் அது வீல் பேரிங். இவையெல்லாம் சில ஆயிரத்தில் முடிகிற வேலை, விலையைக் குறைக்க நல்ல காரணமும்கூட.

சூட்டுக்கு வருவோம். ஏசியைப் போட்டு, நான்கு பேர் ஏறி, திருமங்கலம்வரை நாற்கர சாலையில் போய்த் திரும்பி, ஊருக்குள் நெரிசலில் ஒரு சுற்று. முடிந்தால் மலை ஏறுங்கள். திண்டுக்கல்லிலிருந்து சிறுமலைக்குப் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். அதில் சூடாகாத பெட்டி வேறெங்கும் சூடாகாது. ஆனால் அவ்வளவு தூரம் யாரும் விடமாட்டார்கள், தெரிந்தவர் வண்டியாக இருந்தால் உண்டு. சூடான பிறகு இழுவை திடீரென்று குறைந்து, எவ்வளவு அழுத்தினாலும் வண்டி சோம்பினால், பெட்டி தன்னைக் காத்துக்கொள்ள இழுவையைக் குறைத்துவிட்டது என்று பொருள். வண்டியை நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி மறுபடி டி, ஆர் போட்டுப் பாருங்கள். காலையில் நன்றாக இருந்தது இப்போது இடித்தால் அதுவும் ஒரு பதில்தான்.

இதெல்லாம் தாண்டினால் நமக்குத் தெரிந்த பட்டறைக்கு வண்டியைக் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றுங்கள். பல சிவிடிகளில் ஆயிலைப் பார்க்க டிப்ஸ்டிக்கே இருக்காது, கீழே இருக்கும் போல்ட்டைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடியுங்கள். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் நிறத்தை வைத்து மட்டும் தீர்ப்பு வேண்டாம். கறுத்துப்போய்க் கருகிய வாடை அடித்தால் ஆயில் வெந்திருக்கிறது. ரோஸ் மில்க் போலக் கலங்கி வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது, அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். 2023 டிசம்பரில் சென்னை மூழ்கியது, அதே மாதம் நெல்லையும் தூத்துக்குடியும் மூழ்கின. 2024 அக்டோபரில் நம்ம செல்லூருக்குள்ளேயே வெள்ளம் புகுந்தது. ஆர்.சி.யில் டிஎன் 58, 59, 64 என்று இருப்பதால் மட்டும் வண்டி தண்ணீர் பார்க்கவில்லை என்று ஆகாது. டிரெயின் போல்ட்டிலோ அடித்தட்டிலோ காந்தம் இருக்கும். அதை வெள்ளைத் துணியில் துடைத்து விரலால் தேய்த்துப் பாருங்கள். மாவு போன்ற சாம்பல் நிறப் பசை ஓடிய வண்டிக்குச் சகஜம். விரலில் நறநறத்தாலோ, வெயிலில் பிடித்தால் ஊசி ஊசியாக மின்னினாலோ பெல்ட்டும் புல்லியும் ஒன்றையொன்று தின்ன ஆரம்பித்துவிட்டன.

ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். இரண்டாயிரம் ரூபாய் புளூடூத் கருவி பெரும்பாலும் எஞ்சினின் கோடு (கோளாறைச் சொல்லும் குறியீடு) மட்டும்தான் படிக்கும். கியர் பெட்டியைக் கட்டுப்படுத்தும் டிரான்ஸ்மிஷன் மாடியூலுக்குள் போகிற ஸ்கேனர் வேண்டும். கோடு ஒன்றுமே இல்லை என்றாலும் மகிழ வேண்டாம். வண்டி தனக்குத்தானே செய்துகொள்ளும் சோதனைகள் எல்லாம் ‘முடியவில்லை’ என்று ஸ்கேனர் காட்டினால், நேற்றோ முந்தாநாளோ கோடுகளை அழித்திருக்கலாம்.

காகிதத்தில் எனக்கு ஒன்றே ஒன்றுதான் முக்கியம்: சிவிடி ஆயில் மாற்றிய பில், அதில் ஆயிலின் பெயரோடு. நம் வெயிலுக்கும் நெரிசலுக்கும் நாற்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றியிருக்க வேண்டும் என்பது என் கணக்கு, கம்பெனி புத்தகம் என்ன சொல்கிறது என்பதையும் பாருங்கள். எண்பதாயிரம் ஓடிய வண்டியில் நடுவில் ஒரு பில் இருந்தால் நல்ல சகுனம். “போன வாரம்தான் சார் மாத்துனோம்” என்றால் எனக்குச் சந்தேகம்தான் கூடும். விற்கப் போகிற வண்டிக்கு யார் மெனக்கெட்டுச் செலவு செய்கிறார்கள்? புது ஆயில் உதறலைக் கொஞ்ச நாள் அமுக்கி வைக்கும். அப்படியே பேச்சோடு பேச்சாக, வண்டி எங்காவது நின்று கட்டி இழுத்தார்களா என்றும் கேளுங்கள். எஞ்சின் ஓடாமல் முன் சக்கரம் தரையில் உருண்டால் ஆயில் பம்ப் வேலை செய்யாது, பெட்டி வறண்டு தேயும்.

உங்கள் வண்டி காலை, மதியம் இரண்டிலும் தேறி, ஆயில் பில் மட்டும் இல்லை என்றால் நான் வாங்குவேன், ஆயில் மாற்றும் செலவைக் கழித்துக்கொண்டு. குளிரில் கியர் விழத் தாமதமானாலோ சூட்டில் வழுக்கினாலோ எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். ஐம்பதாயிரம் குறைத்தார்களே என்று எடுத்தால் அந்தக் குறைப்பு பெட்டிக்கே போதாது.

வாங்கியதும் முதல் வாரமே ஆயிலை மாற்றிவிடுங்கள். உங்கள் மாடலின் புத்தகத்தில் எந்தப் பெயர் போட்டிருக்கிறதோ அந்த ஆயில்தான், ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ டின் வேண்டாம். ஒரு தடவை வடித்தால் உள்ளே இருப்பதில் ஒரு பகுதிதான் வரும், மிச்சம் டார்க் கன்வர்ட்டரில் தங்கிவிடும். அதனால் சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து இன்னொரு தடவை வடித்து ஊற்றுங்கள். சீல் உடைக்காத டின்னை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லி, காலி டின்னை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.