தாராவிக்குச் சங்கம் எதற்கு?

கேள்வி: மூன்று தலைமுறையாக மாட்டுங்காவில் இருக்கிறோம். நான் ஐ.டி. வேலையில் இருக்கிறேன். எந்தச் சங்கத்திலும் உறுப்பினர் இல்லை, என் திறமையால் முன்னுக்கு வந்தவன். தாராவித் தமிழர்கள் மட்டும் இன்னும் ஊர்ப் பெயரிலும் சாதிப் பெயரிலும் சங்கம் வைத்துக்கொண்டு பிரிந்து கிடக்கிறார்கள். மும்பைக்கு வந்த பிறகும் இது தேவையா? எல்லோரும் தமிழர் என்று இருந்தால் போதாதா?
(வாசகர், மாட்டுங்கா)

பதில்: தேவைதான். படித்த தமிழர்கள் பலர் இதே கேள்வியை வெவ்வேறு வார்த்தைகளில் கேட்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் திறமையை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் உங்கள் தாத்தா எப்படி இந்த ஊரில் கால் ஊன்றினார் என்று வீட்டில் விசாரித்திருக்கிறீர்களா? அந்தக் காலத்தில் மாட்டுங்காவுக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வந்த வழி ஒன்றுதான். டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட் பாஸ் செய்த கையோடு, ஏற்கனவே இங்கே இருந்த சித்தப்பாவுக்கோ ஊர்க்காரருக்கோ ஒரு கடிதம். நான்கைந்து பேர் சேர்ந்து தங்கும் அறையில் பாய் போட ஓர் இடம். பக்கத்தில் நம் சாப்பாடு போடும் மெஸ். ஆபீசில் தலைமை குமாஸ்தாவிடம் 'நம்ம பையன், பார்த்துக்குங்க' என்று ஒரு வார்த்தை. 1932-ல் சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி வந்தது. 1952-ல் சண்முகானந்தா சபா, 1963-ல் அதன் பெரிய அரங்கம். பஜனை சமாஜம், கோயில், கச்சேரி, கல்யாண மண்டபம் எல்லாம் நடந்து போகிற தூரத்தில். இவையும் மனிதர்கள் கூட்டாகச் சேர்ந்து கட்டியவைதான். இவற்றின் நிழலில் வளர்ந்த பேரன் 'நான் எந்தக் கூட்டத்தையும் சேர்ந்தவன் இல்லை' என்று சொல்ல முடிகிறது என்றால், அந்தக் கூட்டம் தன் வேலையை ஏற்கனவே முடித்துக் கொடுத்துவிட்டது என்று அர்த்தம்.

இனி ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வாருங்கள். தாராவிக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் தோல் பதனிடும் தொட்டிகளில் வேலை செய்தார்கள். அங்கே படா மசூதி 1887-லேயே வந்துவிட்டது, கணேசர் கோயில் 1913-ல். மாட்டுங்காவில் உங்கள் தாத்தா தங்கிய மாதிரி ஓர் அறையில், தோல் வேலை செய்த ஆதிதிராவிட இளைஞன் ஒருவனுக்குப் பாய் போட இடம் கிடைத்திருக்குமா? அவனும் தமிழன்தான். அந்த அறைக் கதவு தமிழுக்குத் திறக்கவில்லை, சாதிக்குத்தான் திறந்தது. வெளியே நின்றவன் தன் ஆட்களோடு சேர்ந்து தனக்கென்று ஒன்றைக் கட்டிக்கொண்டான். நீங்கள் பிரிந்து கிடக்கிறார்கள் என்று சொல்வது அதைத்தான்.

அந்தச் சங்கங்கள் என்ன செய்கின்றன என்று ஒருநாள் போய்ப் பாருங்கள். சாவு விழுந்தால் உடலை ஊருக்கு அனுப்பப் பணம் திரட்டுவது, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம், ரேஷன் கார்டுக்கு யாரைப் பார்ப்பது, போலீஸ் பிடித்துப்போனால் ஸ்டேஷனுக்கு யார் போவது... உங்களுக்கு பேங்க், இன்சூரன்ஸ், வக்கீல், எச்.ஆர். என்று தனித்தனியாக இருப்பதெல்லாம் அங்கே பத்துக்குப் பத்து அறையில் ஒரே மேஜையில் நடக்கிறது.

'எல்லோரும் தமிழர்' என்கிறீர்களே, நம்மை அப்படி ஒன்றாகப் பார்த்த காலமும் உண்டு. பார்த்தவர்கள் நாம் இல்லை. 1960-ல் தொடங்கிய 'மார்மிக்' வார இதழ், கம்பெனிகளில் வேலை பார்த்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டது. 1966 ஜூனில், அந்த இதழை நடத்திய பால் தாக்கரேயின் சிவசேனைக் கட்சி பிறந்தது. உடுப்பி ஓட்டல்கள் தாக்கப்பட்டன. தமிழர், மலையாளி, கன்னடர், துளு பேசுபவர் எல்லோரும் மதராசிதான். கல்லெறிந்தவன் சாதி கேட்கவில்லை, ஐயரா ஆதிதிராவிடரா என்று பார்க்கவில்லை. அந்த நாட்களில் மாட்டுங்காவும் தாராவியும் ஒரே பயத்தில் இருந்தன. பயம் தணிந்ததும் பழைய கோடுகள் திரும்ப வந்துவிட்டன. நாம் யார் என்பதில் பாதியை எப்போதும் மற்றவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். அதை ஏற்பதா மறுப்பதா என்று தேர்ந்தெடுக்கும் வசதி எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. அதிகாரம் என்று நான் சொல்வது இந்த வசதியைத்தான்.

ஹென்றி தாஜ்ஃபெல் என்று ஓர் உளவியலாளர். போலந்து யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். யூதர் என்பது அவர்களுக்குத் தெரியும், போலந்துக்காரர் என்பது தெரியாது, பிரெஞ்சுக்காரர் என்றே நினைத்தார்கள். அதனால் உயிர் பிழைத்தார். ஊரில் அவர் குடும்பத்தார் கொல்லப்பட்டிருந்தார்கள். எந்தக் கூட்டத்தில் வைத்து எண்ணப்படுகிறோம் என்பது ஓர் உயிரின் விலை என்று அனுபவித்தவர் அவர். பிறகு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பள்ளிச் சிறுவர்களை வைத்து ஒரு சோதனை செய்து 1970-ல் வெளியிட்டார். இரண்டு ஓவியர்களில் யாரைப் பிடிக்கும் என்பதை வைத்துப் பிரிப்பதாகச் சொல்லிவிட்டு, உண்மையில் சீட்டுக் குலுக்கிய மாதிரிப் பிரித்தார். யார் எந்தக் குழு என்று முகம்கூடத் தெரியாது. ஆனாலும் பணத்தைப் பங்கிடச் சொன்னபோது தன் குழுவுக்குக் கூடக் கொடுத்தார்கள். தன் குழுவுக்கு மொத்தத்தில் குறைந்தாலும் பரவாயில்லை, அடுத்த குழுவைவிடக் கூட வரவேண்டும் என்றே பலர் பங்கிட்டார்கள். ஓவியத்தின் பேரில் கட்டிய குழுவுக்கே இவ்வளவு என்றால், பிறப்பின் பேரில், தண்ணீர்க் குழாயின் பேரில், பெண் கொடுப்பதன் பேரில் நூற்றாண்டுகளாகக் கட்டிய குழு மும்பை ரயில் ஏறியதும் கரைந்துவிடும் என்று எப்படி நம்புகிறீர்கள்?

இன்னொன்று, உங்களுக்குத் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். அட்டவணைச் சாதி (எஸ்.சி.) என்பது மாநிலத்துக்கு மாநிலம் தனிப் பட்டியல். மும்பை மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் கேட்ட ஆந்திரப் பழங்குடி மாணவரின் வழக்கில், பிழைக்க வேறு மாநிலம் போனவர் இடஒதுக்கீட்டுச் சலுகையைக் கூடவே எடுத்துப்போக முடியாது என்று 1990-ல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே சாதிப் பெயர் இரண்டு மாநிலப் பட்டியலிலும் இருந்தால்கூட இதே கதைதான். ஆகவே மகாராஷ்டிரத்தில் அட்டவணைச் சாதிச் சான்றிதழ் வேண்டுமென்றால், பட்டியல் அறிவிக்கப்பட்ட நாளான 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் இங்கே குடியிருந்ததற்குக் காகிதம் கேட்கிறார்கள். குடிசையில் இருந்தவர், தீயிலும் மழை வெள்ளத்திலும் தட்டுமுட்டுச் சாமான்களையே இழந்தவர், அந்தக் காகிதத்துக்கு எங்கே போவார்? தாத்தா 1960-ல் வந்திருந்தால் பேரன் இங்கே பட்டியலில் இல்லை. வீடு வாடகைக்குக் கேட்கும்போதும் பெண் கேட்கும்போதும் மட்டும் அவன் சாதி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கிறது. இழிவு கூடவே வருகிறது, உரிமை எல்லையிலேயே நின்றுவிடுகிறது. இதை எதிர்த்துத் தனி ஆளாக யாராலும் எதுவும் செய்ய முடியாது.

சரி, சாதிச் சங்கங்களில் தப்பே இல்லையா? இருக்கிறது. கதவு மூடப்பட்டதால் கூடியவர்களும் உண்டு, கதவை மூடுவதற்காகவே கூடியவர்களும் உண்டு. இரண்டாவது வகையை நான் ஆதரிக்கமாட்டேன். முதல் வகையிலும் தங்களுக்குக் கீழே ஒருவரைத் தேடும் பழக்கம் இருக்கிறது. அம்பேத்கர் இதைப் படிப்படியான ஏற்றத்தாழ்வு என்று விளக்கினார், அவரும் இதே ஊரில், உங்கள் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத தாதர் இந்து காலனியில் வாழ்ந்தவர். அப்புறம் பெண்கள். தாராவித் தொண்ணூறு அடி சாலையில் பொங்கலன்று வரிசையாக அடுப்பு மூட்டுபவர்கள் அவர்கள்தான். சங்க நிர்வாகிகள் படத்தில் அவர்களைத் தேடவேண்டியிருக்கிறது. இதைச் சங்கத்துக்குள் இருந்து கேட்டால்தான் மாறும்.

சயான் கோலிவாடா தொகுதியில் 2014 முதல் தொடர்ந்து தமிழ்ச்செல்வன் என்ற தமிழர் எம்.எல்.ஏ.வாக இருக்கிறார். அவர் கட்சியை நீங்கள் ஏற்கலாம், ஏற்காமல் போகலாம். மதராசி என்று விரட்டப்பட்ட ஊரில் தமிழருக்குக் கட்சிகள் டிக்கெட் தருகின்றன என்றால், கூடி நிற்கிற மக்களை எண்ணிப் பார்த்துத்தான் தருகின்றன. அந்த எண்ணிக்கையில் பெரும்பங்கு குடிசைகளிலும் சால் என்கிற ஒற்றை அறை வரிசைக் குடியிருப்புகளிலும் இருக்கிறது. அதனால் வருகிற பாதுகாப்பில் உங்களுக்கும் பங்கு இருக்கிறது.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். 1950-க்கு முந்தைய ஆதாரம் என்று தேடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கக்கூடியது பழைய பள்ளிப் பதிவேடு ஒன்றுதான். அதில் பிறந்த ஊரும் சாதியும் எழுதியிருக்கும். மாநகராட்சிப் பள்ளிகளில் இருக்கிற அந்தப் பழைய புத்தகங்கள் மராத்தியில், கையெழுத்தில், பூச்சி அரித்து இருக்கும். அவற்றைத் தேடவும், முறையாக மனு எழுதவும், கணினியில் ஒழுங்குபடுத்தவும் தெரிந்த ஆட்கள் தாராவிப் பிள்ளைகளுக்கு வேண்டும். மராத்தி படிக்கத் தெரிந்த மாட்டுங்காக்காரரான உங்களால் முடியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு சங்கத்துக்குப் போய், எந்தக் குடும்பம் இந்தக் காகிதம் இல்லாமல் நிற்கிறது என்று கேளுங்கள்.