பற்றரி செய்ய எரிக்கும் நிலக்கரி, எண்ணெயையும் கணக்கில் சேர்த்தால், கொழும்பில் மின்சாரக் கார் வாங்குவதில் பயன் உண்டா?

உண்டு. ஆனால் எல்லாருக்கும் இல்லை.

பற்றரி என்றதும் எல்லாரும் லித்தியத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். அதில் கணிசமான பங்கு மேற்கு அவுஸ்திரேலியாவில் பாறையாக வெட்டப்பட்டு, சீனாவுக்குக் கப்பலேறி, 1000 பாகைக்கு மேலான சூளையில் வறுபடுகிறது. நிக்கல் சேர்ந்த பற்றரி என்றால் இந்தோனேசியாவின் சுலவேசியையும் சேருங்கள். அங்குள்ள உருக்காலைகள் தமக்கென்றே நிலக்கரி மின்நிலையம் கட்டி வைத்திருக்கின்றன. இப்போது இங்கே இறங்கும் சீனாவின் பிவைடி மின்சாரக் கார்களில் நிக்கல் கிடையாது, அது ஒரு ஆறுதல்.

யாரும் வாய் திறக்காதது கிராஃபைட் பற்றி. ஒரு காரின் பற்றரிக்கு 50 கிலோ அளவில் தேவை, லித்தியத்தைவிடப் பல மடங்கு. பெரும்பாலும் செயற்கையாகச் செய்ததுதான்: எண்ணெய்ச் சுத்திகரிப்பில் மிஞ்சும் கோக் என்ற கரியை உலையில் போட்டு, 3000 பாகை அளவுக்குச் சூடேற்றுகிறார்கள். ஆக, மூலப்பொருளும் பெற்றோலியம். உலைக்குப் போகும் மின்சாரமும் பெரும்பாலும் சீனாவின் நிலக்கரியில் பிறந்தது. (போகலவில் தரமான கிராஃபைட் தோண்டும் நாட்டில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன்!)

சுவீடனின் ஐவிஎல் ஆய்வு நிறுவனம் 2017இல், பற்றரிக் கொள்ளளவின் ஒவ்வொரு கிலோவாற் மணிக்கும் 150 முதல் 200 கிலோ கரியமிலவாயு என்றது. மின்சாரக் காரைத் திட்டுபவர்கள் இன்னும் அதைத்தான் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள். அதே நிறுவனம் 2019இல் 61 முதல் 106 என்று திருத்திக்கொண்டது. அதன்படி 50 கிலோவாற் மணிப் பற்றரிக்கு 3 முதல் 5 தொன். 1 லீற்றர் பெற்றோல் எரிந்தால் 2.3 கிலோ. அதாவது கார் வீட்டுக்கு வரும்போதே 1300 முதல் 2300 லீற்றர் பெற்றோல் எரித்த கடனோடுதான் வருகிறது.

கடன் எப்போது தீரும்? கொழும்பு நெரிசலில் லீற்றருக்கு 12 கிலோமீற்றர் ஓடும் பெற்றோல் கார் 100 கிலோமீற்றருக்கு 19 கிலோ கக்கும். மின்சாரக் காருக்கு அதே தூரத்துக்கு 16 யுனிட் (கிலோவாற் மணி) வேண்டும். கூரைச் சோலரில் ஏற்றினால் 16,000 முதல் 28,000 கிலோமீற்றருக்குள் கடன் அடைந்துவிடும். முழுக்க நிலக்கரிக் கரண்ட் என்றால் யுனிட்டுக்கு ஏறக்குறைய 1 கிலோ. 100 கிலோமீற்றருக்கு மிச்சம் வெறும் 3 கிலோ, கடன் தீர ஒரு இலட்சம் கிலோமீற்றராவது ஓட வேண்டும். லீற்றருக்கு 20 கிலோமீற்றர் தரும் பழைய டொயோட்டா அக்வா ஹைபிரிட்டோடு ஒப்பிட்டால் தோல்வியேதான்.

நல்லவேளை, நம் கரண்ட்டில் நீர்மின்சாரமும் கலந்திருக்கிறது. ஆனாலும் இரவில் சூரியன் இல்லை, நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். பகலிலோ கதை தலைகீழ்: 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சோலரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபையே கேட்டுக்கொண்டது, வாங்க ஆளில்லாமல்.

அதனால் நான் முதலில் கேட்பது காரின் பெயரை அல்ல, பகலில் அது எங்கே நிற்கும் என்பதை. அலுவலகத்தில் சார்ஜர் இருக்கிறதா, சொந்தக் கூரை இருக்கிறதா, ஓட்டமும் அதிகமா? தயங்காமல் வாங்குங்கள். வெள்ளவத்தை அடுக்குமாடியில் இருந்துகொண்டு, கீழே ஒரு பிளக் பொயின்ற்றுக்கே கமிட்டியோடு மல்லுக்கட்டி, இரவில் மட்டும் ஏற்றி, கிழமைக்கு இரண்டு தரம் புறக்கோட்டைக்குப் போய்வருபவர் என்றால், கையில் இருக்கும் ஹைபிரிட்டையே ஓட்டுங்கள்.