ராட்டினக் குதிரையின் வலப்பக்கம்

பழைய குடை ராட்டினக் குதிரைகளைச் சேகரிப்பது குறித்தும், சிற்பங்களைக் கொண்டு வீட்டை அழகுபடுத்துவது குறித்தும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: அமெரிக்கக் குடை ராட்டினம் ஒன்றில் இருந்தது, நூறு ஆண்டுப் பழமையானது என்று சொல்லி ஒரு மரக்குதிரையை என்னிடம் விற்க வந்திருக்கிறார்கள். அது உண்மையா என்று எப்படி அறிவது?

பதில்: விற்பவர் சொல்லும் கதையைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு, குதிரையின் இரண்டு பக்கங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அமெரிக்க ராட்டினங்கள் பொதுவாகக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்பவை என்பதால், வெளியே நின்று வேடிக்கை பார்ப்பவர்களின் கண்ணில் படுவது குதிரையின் வலப்பக்கம்தான். ஆகவே, செதுக்கியவர்கள் பிடரிமயிரின் சுருள்கள், சேணத்தின் பூவேலை, கண்ணாடிக் கற்கள் என்று தங்கள் திறமை முழுவதையும் அந்தப் பக்கத்தில் கொட்டிவிட்டு, நடுத்தூணைப் பார்க்கும் இடப்பக்கத்தைச் சுருக்கமாக முடித்துவிடுவார்கள். பிரிட்டனின் ராட்டினங்கள் கடிகாரத் திசையில் சுழல்வதால் அங்கே அழகெல்லாம் இடப்பக்கத்தில் இருக்கும். சேகரிப்பாளர்கள் இந்த அலங்காரப் பக்கத்தை 'ரொமான்ஸ் சைடு' என்று அழைக்கிறார்கள். இரு பக்கமும் ஒரே அளவு வேலைப்பாட்டுடன் இருக்கும் 'அமெரிக்கக்' குதிரையை நான் சந்தேகத்துடனேயே பார்ப்பேன்.

அடுத்து உடற்கட்டைக் கவனியுங்கள். பழைய பட்டறைகள் பாஸ்வுட், பாப்லர் போன்ற எளிதில் செதுக்கக்கூடிய மரப் பலகைகளை வச்சிரத்தால் ஒட்டி, உள்ளே வெற்றிடமுள்ள ஒரு பெட்டியாக உடலைச் செய்து, தலையையும் கால்களையும் தனித்தனியே செதுக்கிப் பொருத்தின. எனவே, வண்ணத்தின் அடியில் ஒட்டுக் கோடுகள் எங்கேனும் தெரிய வேண்டும். ஒரே கட்டையில் குடைந்ததாகத் தோன்றி, தூக்கவே முடியாத கனமும் இருந்தால், அது அலங்காரக் கடைகளுக்காகச் செய்யப்பட்ட புதுப் பொருளாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

தேய்மானமும் பேசும். எத்தனையோ ஆண்டுகள் பிள்ளைகள் ஏறி இறங்கிய குதிரையில் சேணமும், அங்கவடியைச் சுற்றிய பகுதியும், கம்பம் நுழையும் துளையின் விளிம்பும் மழுங்கியிருக்கும். காதிலோ கணுக்காலிலோ பழைய பழுதுபார்த்த தடம் ஒன்றாவது இருக்கும். யாருடைய கையும் காலும் எட்டாத வயிற்றின் அடியிலும் அதே அளவு வெடிப்பும் உரிதலும் இருந்தால், அந்தப் பழமை பட்டறையிலேயே பூசப்பட்டது என்று கொள்ளலாம். அலுமினியக் குதிரையைப் போலி என்று தள்ளிவிட வேண்டாம். பிற்காலத்தில் ராட்டினங்களுக்காகவே அலுமினியத்தில் வார்த்தார்கள். ஆனால், மரக்குதிரையின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

கேள்வி: பிலடெல்பியா பாணி, கோனி ஐலண்டு பாணி என்றெல்லாம் சொல்கிறார்களே, என்ன வேறுபாடு? முதன்முறை வாங்குபவர் எதைத் தேடலாம்?

பதில்: பிலடெல்பியாவில் ஜெர்மனியிலிருந்து குடியேறிய குஸ்டாவ் டென்ட்சலின் பட்டறையும், அதில் பணியாற்றிய டேனியல் முல்லர் போன்ற சிற்பிகளும் உருவாக்கியவை உயிருள்ள குதிரையின் தசையையும் எலும்பையும் மதித்துச் செதுக்கப்பட்ட, அமைதியான குதிரைகள். நியூயார்க்கின் கடற்கரைப் பொழுதுபோக்குப் பகுதியான கோனி ஐலண்டில் 1876-இல் முதல் ராட்டினத்தை அமைத்தவர் சார்லஸ் லூஃப். அங்கே வளர்ந்த பாணியின் உச்சம் மார்கஸ் இலியன்ஸ் செதுக்கிய குதிரைகளில் தெரியும்: நிமிர்த்தி எறிந்த தலை, காற்றில் பறக்கும் பிடரி, தங்கத்தகடு, கண்ணைப் பறிக்கும் கற்கள். மூன்றாவது பாணி ஊர் ஊராகச் சென்ற திருவிழா ராட்டினங்களுக்குரியது; ஆலன் ஹெர்ஷல், சி. டபிள்யூ. பார்க்கர் ஆகியோரின் தொழிற்சாலைகள் இவற்றைச் செய்தன. வண்டியில் ஏற்றி இறக்கும்போது ஒடிந்துவிடக் கூடாது என்பதற்காகக் காதுகளைப் பின்னுக்குப் படியவைத்து, வேலைப்பாட்டையும் குறைத்துக்கொண்டார்கள்.

முதன்முறை வாங்குபவருக்கு இந்த மூன்றாவது வகையையே நான் பரிந்துரைப்பேன். இவை ஓரளவு கட்டுப்படியாகும் விலையில் கிடைப்பதோடு, வீட்டு அறையின் அளவுக்கும் பொருந்துகின்றன. மேலும், சில பார்க்கர் குதிரைகளின் உலோக லாடத்தில் லெவன்வொர்த் என்ற ஊர்ப்பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். பார்க்கர் தம் தொழிற்சாலையை கான்சாஸ் மாநிலத்தின் லெவன்வொர்த்துக்கு மாற்றியது 1911-இல்தான். எனவே, லாடம் பின்னால் மாற்றப்பட்டதாக இல்லாவிட்டால், அந்தக் குதிரை அதற்கு முந்தையதாக இருக்க முடியாது.

கேள்வி: என்னிடமுள்ள குதிரையில் பல அடுக்கு வண்ணம் ஏறிச் செதுக்கலே மழுங்கியிருக்கிறது. எல்லாவற்றையும் உரித்துவிட்டு மரத்தின் இயற்கை நிறத்தைக் காட்டலாமா?

பதில்: கூடாது. இந்தக் குதிரைகளை வெறும் மரமாகக் காட்ட அவற்றைச் செய்தவர்கள் ஒருபோதும் எண்ணியதில்லை. ஒட்டுகளையும் பலகைகளின் நிற வேறுபாட்டையும் வண்ணம் மூடிவிடும் என்ற கணக்கில்தான் மரத்தையே தேர்ந்தெடுத்தார்கள். பூங்கா நடத்தியவர்கள் அவ்வப்போது அப்பிய பூச்சுகளுக்கு அடியில் பட்டறையின் முதல் வண்ணம் இன்னும் உயிரோடு இருக்கக்கூடும். தேர்ந்த சீரமைப்பாளர் மறைவான இடத்தில் ஒரு சிறு சதுரத்தை மட்டும் நுண்கத்தியால் அடுக்கடுக்காகத் திறந்து அதைக் கண்டுபிடிப்பார். முதல் வண்ணம் கிடைத்துவிட்டால், அது உதிர்ந்தும் மங்கியும் இருந்தாலும், புதுப் பூச்சைவிட மதிப்புள்ளது. நீங்களே உப்புத்தாளை எடுத்துத் தேய்க்காதீர்கள் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு: பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கும், அதன் தூசி மூச்சில் போவது, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, நஞ்சு.

கேள்வி: பாயும் குதிரை ஒன்றும், சிறிய வெண்கலச் சிலையும், பளிங்கு மார்பளவுச் சிலையும் வைத்திருக்கிறேன். ஒரே வரவேற்பறையில் இவற்றை எப்படி அமைப்பது?

பதில்: முதலில் குதிரையின் பாதுகாப்பு. நான்கு கால்களும் தரையைத் தொடாத பாயும் குதிரை, ராட்டினத்தில் கம்பத்தின் பலத்தில் நின்றதே தவிரக் கால்களின் பலத்தில் அன்று. எனவே, அதன் துளை வழியே செல்லும் கம்பமும், அகன்று கனத்த அடிப்பீடமும் இல்லாமல் அதை நிறுத்தக் கூடாது. கால்களை ஊன்றி வைத்தால் கணுக்கால் முறியும்.

பிறகுதான் திசை. வலப்பக்கத்தை நாம் பார்க்கும்படி நிறுத்தினால், தலை நம் வலக்கைப் பக்கம் நோக்கியிருக்கும். ஆகவே, சுவரின் இடக்கோடியை ஒட்டி நிறுத்தி, முகத்துக்கு முன்னால் அறையின் வெற்றிடத்தை விட்டுவையுங்கள். பாய்ச்சலில் இருக்கும் விலங்கின் மூக்குக்கு நேரே அலமாரி இருந்தால் ஓட்டமே நின்றுபோனது போலத் தோன்றும். விளக்கு பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழட்டும், நேர் வெளிச்சத்தில் உளியின் ஆழம் தட்டையாகிவிடும். வெயிலும், குளிர்சாதனத்தின் நேரடிக் காற்றும், அறையின் ஈரப்பதம் அடிக்கடி ஏறி இறங்குவதும் பழைய ஒட்டுகளைத் திறந்துவிடும்.

இத்தனை நிறமும் அசைவும் உள்ள குதிரையின் அருகில் சிறிய வெண்கலம் காணாமல் போய்விடும். அதை எதிர்ச்சுவரில், குதிரையோடு ஒரே பார்வையில் படாத இடத்தில் வையுங்கள். பளிங்குச் சிலையின் கண்கள் நிற்பவரின் கண்மட்டத்துக்கு வருமாறு பீடத்தின் உயரத்தை அமைத்தால் போதும். வெண்கலத்தைப் பளபளப்பாகத் துலக்க வேண்டாம், அதன் கருமை கலந்த மேற்படலம் சிலையின் ஒரு பகுதியே. பளிங்கின் மேல் எலுமிச்சையோ வினிகரோ படக் கூடாது. அமிலம் அதை அரித்துவிடும்.

கேள்வி: ராட்டினங்களைப் பிரித்துக் குதிரைகளைத் தனித்தனியே விற்பது சரியா?

பதில்: இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் ராட்டினத்தைக் குதிரைகளுக்காகப் பிரிப்பது எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த மார்த்தாஸ் வைன்யார்டு தீவிலுள்ள ஃபிளையிங் ஹார்சஸ் ராட்டினம் 1876-இல் உருவானது. அதில் இன்றும் பிள்ளைகள் ஏறுகிறார்கள். வெகு நாட்களுக்கு முன்பே பிரிக்கப்பட்ட குதிரையை வாங்குவதில் குற்றமில்லை. ஆயினும், எந்த ராட்டினத்தில் எந்த வரிசையில் இருந்தது, எப்போது கழற்றப்பட்டது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்; அந்தத் தாளும் குதிரையோடு சேர்ந்தே இருக்கட்டும்.

கேள்வி: பேரப்பிள்ளைகளை அதன்மேல் உட்காரவைக்கலாமா?

பதில்: கம்பப் பீடத்தில் நிற்கும் பாயும் குதிரையில் வேண்டாம், கவிழும் ஆபத்து உண்டு. கால் ஊன்றி நிற்கும் குதிரையாக இருந்தாலும், சீரமைப்பாளர் ஒட்டுகளைப் பார்த்து உறுதியளித்த பிறகு, வண்ணம் உதிராமல் இருந்தால் மட்டும், ஒரு படம் எடுக்கும் நேரத்துக்கு உட்காரவைக்கலாம்.